மூன்றாம் பக்கத்து இரைச்சல்

அத்தியாயம் 4

"என் வீட்டுக்காரர்தான் குற்றவாளி. அத நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும் அண்ணி. நாலு மணிக்குள்ள."

வந்தவள் இன்னும் நாற்காலியில் உட்காரவில்லை. சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்து ஓய்ந்திருந்தது.

அந்தத் துப்பறியும் அலுவலகத்தின் தலைவியை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிடும். முதலில் அப்படிக் கூப்பிட்டவர் அவருடைய உதவியாளர், அதாவது சொந்தக் கொழுந்தனார். அவர் ஒரு நாளைக்கு அறுபது தடவை "அண்ணி" என்று கூவியதில் தெரு பழகியது. தெருவிலிருந்து காவல் நிலையம் பழகியது. போன மாதம் பிடிபட்ட நகைத் திருடன்கூட விலங்கை மாட்டிக்கொண்டு, "வர்றேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினான்.

அண்ணியின் காது அப்பேர்ப்பட்ட காது. பஸ்ஸில் பர்ஸ் அடித்த ஒருவனை, அவன் சட்டையில் ஒரு பட்டன் தளர்ந்து ஆடிய சத்தத்தை வைத்தே பிடித்தவர் அவர். இதில் மிகை எதுவும் இல்லை. அப்போது பஸ் நின்றுகொண்டிருந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அவர்கள் பொறாமைக்காரர்கள்.

கொழுந்தனார் நோட்டைப் பிரித்தார். நாற்பத்து மூன்று வயது, நல்ல மீசை. அலுவலகத்தின் மூளை தான்தான், அண்ணி வெறும் காதுதான் என்பது அவருடைய நெடுநாள் அபிப்பிராயம். அதை இன்னும் வெளியே சொல்லவில்லை.

"என்ன குற்றம்?" என்றார்.

"இரைச்சல்."

"கொலைன்னு நெனச்சு பேனா மூடியத் தொறந்துட்டேன். மறுபடி மூடிடட்டுமா?"

"தம்பி, அவங்க பேசட்டும்," என்றார் அண்ணி.

அவள் பேசினாள். கொழுந்தனார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே!

"ஒரு தடவை 'மூன்றாம் தளம்'னு சொல்லுங்க, பாப்போம்."

அவள் பெருமூச்சு விட்டாள். "மூன்றாம் தளம். கதவு திறக்கிறது."

கொழுந்தனார் தன்னையறியாமல் ஓரடி ஒதுங்கி நின்றார். "நீங்கதானா அது! உங்க பேச்சுக்குக் கட்டுப்பட்ட அளவுக்கு நான் எங்க அம்மா பேச்சுக்குக்கூடக் கட்டுப்பட்டதில்லீங்க."

ஊரில் இருக்கிற லிஃப்டுகளில் பாதிக்கு அவள்தான் குரல். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் கூண்டுக்கு மேலே உட்கார்ந்து கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து வந்த 'கதவு மூடுகிறது'வைக் கேட்டு மனம் பறிகொடுத்தவர்.

"பதினோரு வருஷமா இதே நாலு வார்த்தைதான் அண்ணி. ஒரு முழுக் கதை படிக்கணும்னு ஆசை. இப்ப ஒரு கம்பெனி, பன்னெண்டு தொகுதி நாவல குரல்ல பதிவு பண்ணப் போறாங்க. மாதிரிக்குப் பன்னெண்டு பக்கம் படிச்சு அனுப்பச் சொன்னாங்க. ரெண்டு தடவை அனுப்பினேன், ரெண்டு தடவையும் திரும்பி வந்துடுச்சு. 'பானைக்குள்ள உக்காந்து படிக்கிற மாதிரி இருக்கு, பின்னாடி ஏதோ வண்டு கத்துது'ங்கறாங்க. இன்னிக்கு நாலு மணிதான் கடைசி. தவறினா வேற ஆளுக்குப் போயிடும்."

"வண்டு எங்கேருந்து வருது?"

"கம்ப்யூட்டர்லேருந்து. அது என் தங்கை வீட்டுக்காரர் விளையாட்டு விளையாட வாங்கினது. படம் காட்டுறதுக்குன்னு உள்ள பெரிசா ஒரு கிராபிக்ஸ் கார்டு. அதோட ஃபேன் ஊளையிடுதுன்னு, என் வீட்டுக்காரர் அதக் கழட்டிட்டு, கார்டு சூடாகாம இருக்க கடையில வேற ஒரு கூலர் வாங்கி மாட்டினார். ரெண்டு ஃபேன், செங்கல் மாதிரி அலுமினியம். 'இனிமே எறும்பு நடந்தா கேக்கும்'னார். நான் படிக்க ஆரம்பிச்சா மூணாவது பக்கத்துல கத்துது. மைக்க மூடிட்டு அவர வந்து பாருங்கன்னு கூப்பிட்டா, வந்து நின்னதும் நின்னுடுது. எந்தக் கதையப் படிச்சாலும் மூணாவது பக்கம்தான்!"

அண்ணியின் புருவம் உயர்ந்தது. "அவருக்கு என்ன ஆதாயம்?"

"வேலை கிடைச்சா எட்டு மாசம் வீட்ல யாரும் விசில் அடிக்கக் கூடாதுன்னு சொன்னேன். அவருக்கு விசில்தான் மூச்சு. அன்னிலேருந்து உதட்டக் குவிச்சு மூஞ்சத் தூக்கி வெச்சிருக்கார்."

"நோக்கம் கெடைச்சாச்சு," என்று எழுதி அடிக்கோடு போட்டார் கொழுந்தனார்.

*

நான்காவது மாடி வீடு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மெக்கானிக் குடியிருக்கும் கட்டிடத்தில் அது அப்படித்தான் இருக்கும் என்றார் கொழுந்தனார், ஒவ்வொரு மாடியிலும் நின்று, ஒவ்வொரு முறையும் புதிதாக.

பதிவு அறை என்பது படுக்கையறையில் இருந்த துணி அலமாரி. அதற்குள் தொங்கும் கம்பளிக் கோட்டுகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே ஒரு முக்காலி, ஒரு மைக். மைக் வயர் நீளம் பத்தாததால் அலமாரியின் காலடியிலேயே கம்ப்யூட்டர் பெட்டி.

லிஃப்ட்காரர் வாசலில் நின்றார். உதடு உண்மையாகவே குவிந்திருந்தது.

"வாங்க அண்ணி. நான் எதுவும் பண்ணலீங்க," என்றார்.

"நாங்க இன்னும் எதுவும் கேக்கலியே," என்றார் கொழுந்தனார், மீசையைத் தடவிக்கொண்டே.

அண்ணி பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னார். உள்ளே அந்தக் கூலர் ஒரு குட்டி வானூர்தி போல உட்கார்ந்திருந்தது. இரண்டு ஃபேன்களும் மெதுவாகச் சுழன்றன. அண்ணி கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார்.

"டிக். டிக். டிக். ரொம்பச் சன்னமா."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே அண்ணி."

"நீங்க பேசிக்கிட்டு இருக்கீங்க தம்பி."

அண்ணி ஒரு பென்சிலைத் திருப்பிப் பிடித்து, அதன் அழிரப்பர் முனையால் வலது ஃபேனின் நடு வட்டத்தை மெல்லத் தொட்டார். ஃபேன் நின்றது. டிக் நிற்கவில்லை. அதை விட்டுவிட்டு இடது ஃபேனைத் தொட்டார். டிக் நின்றது.

"இடது பக்கத்து ஆள்தான்."

குனிந்து பார்த்தால், ஃபேன் வயரைக் கட்டிய பிளாஸ்டிக் நாடாவின் வால் விரற்கடை நீளத்துக்கு நீட்டிக்கொண்டு, சுற்றும் இறக்கையை ஒவ்வொரு சுற்றிலும் நக்கிக்கொண்டிருந்தது.

"கட்டின நாடாவோட வாலை ஏன் வெட்டல?" என்றார் அண்ணி.

லிஃப்ட்காரர் நிமிர்ந்து நின்றார். இதற்கு மட்டும் அவருக்குக் கூச்சமே இல்லை. "எங்க வேலையில வால வெட்டவே மாட்டோங்க. வால் நீட்டிக்கிட்டு இருந்தாத்தான் அடுத்து வர்ற மெக்கானிக் இருட்டுல தடவிப் பாத்து, 'இந்தக் கட்டு முழுசா இருக்கு'ன்னு தெரிஞ்சுக்குவான். வால வெட்டினவன எங்க மேஸ்திரி வேலையவிட்டே அனுப்பிருக்கார்."

"இங்க அடுத்த மெக்கானிக் யாரு?"

லிஃப்ட்காரர் யோசித்தார். "நான்தான்."

அண்ணி நகவெட்டியால் வாலை வெட்டினார். டிக் போனது. கொழுந்தனார் அந்த வாலை ஒரு காகிதத்தில் மடித்து, 'குற்றவாளி' என்று எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"முடிஞ்சுது. மணி ரெண்டே முக்கால். என் மதிப்பில இதுவரைக்கும் நாம புடிச்சதுலயே எடை கம்மியான ஆள் இதுதான்."

"படிங்கம்மா," என்றார் அண்ணி.

வாசகி அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்து மைக்கைத் திறந்தாள். ஒத்திகையாகப் படித்தாள். முதல் பக்கத்தில் ஓர் ஆறு, இரண்டாம் பக்கத்தில் ஒரு படகோட்டிக் குடும்பம், உப்பு மூட்டை சுமக்கும் ஒரு கழுதை. மூன்றாம் பக்கம் புரண்டது.

ஊஊஊஊ என்று பெட்டி எழுந்தது. கம்பளிக் கோட்டு ஒன்றின் கை தானாக ஆடியது என்று கொழுந்தனார் பிற்பாடு பலரிடம் சொன்னார்.

"பாத்தீங்களா!" வாசகி மைக்கை மூடிவிட்டு அலமாரிக்குள்ளிருந்து குதித்தாள். "என்னங்க, உண்மையச் சொல்லுங்க! நான் இந்த வேலைக்குப் போறது பிடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க. சாகற வரைக்கும் நான் 'கதவு மூடுகிறது'ன்னே சொல்லிட்டு இருக்கேன்!"

"ஐயோ, நான் உன் பக்கத்துலயே வரலியேம்மா!"

சண்டை சூடு பிடிக்கப் பிடிக்க இரைச்சல் தணிந்தது. அரை நிமிஷத்தில் பெட்டி ஒன்றும் தெரியாத பிள்ளை போல உட்கார்ந்திருந்தது.

"நீங்க கூப்பிட்டா இவர் எவ்வளவு நேரத்துல வருவார்?" என்று கேட்டார் அண்ணி.

"லிஃப்ட் ரிப்பேருக்கு வர்ற வேகத்துலதான்."

"சரி. அதனாலதான் இவர் வந்து பாக்கும்போது சத்தம் இல்ல. ஆவி எதுவும் கெடையாது." அண்ணி குனிந்து, அலுமினியச் செங்கல்லின் மேல் புறங்கையை வைத்தார். உடனே எடுத்தார். "தம்பி, இங்க வந்து தொடுங்க."

தொட்ட கொழுந்தனார், "ஆ!" என்றார். "தோசை…" என்று ஆரம்பித்தவர், மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, எதையாவது வாட்டலாம்," என்று முடித்தார்.

"கதை படிக்கிறது இவங்க. வாய் வலிக்கிறது இவங்களுக்கு. அப்புறம் இதுக்கு ஏன் வேர்க்குது?" என்றார் அண்ணி. "இது படம் காட்டுறதுக்கான கார்டு. இங்க படம் எங்க இருக்கு? குரலப் பதிவு பண்றது கம்ப்யூட்டருக்குக் கொட்டாவி விடுற மாதிரி வேலை. இதுக்கு யாரோ திருட்டுத்தனமா மூட்ட தூக்கற வேலை குடுக்கறாங்க."

லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அதை அண்ணி பார்த்தார். அண்ணி பார்த்ததைக் கொழுந்தனார் பார்த்து நோட்டில் எழுதினார்.

"ஒரு சோதனை. மைக்கத் திறங்க. யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆறு நிமிஷம்."

கொழுந்தனாரின் வாழ்க்கையில் அதுபோன்ற ஆறு நிமிஷம் அதற்கு முன் வந்ததில்லை. முதல் நிமிஷத்தில் மூன்று நகைச்சுவைகள் தோன்றின. இரண்டாம் நிமிஷத்தில் அவை ஒன்றோடொன்று கைகோத்தன. நான்காம் நிமிஷத்தில் மீசை துடித்தது. ஐந்து முடியும்போது நெற்றி நரம்பு புடைத்து, இந்த நோய்க்கு எந்த டாக்டரிடம் போவது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தபோது…

ஊஊஊஊ!

"யாரும் படிக்கல. பக்கமே புரளல," என்றார் அண்ணி. "மூணாம் பக்கத்து மேல எந்தத் தப்பும் இல்ல. அங்க போய்ச் சேர இவங்களுக்கு அஞ்சாறு நிமிஷம் ஆகுது, அதுக்குள்ள கார்டு சூடாயிடுது, அவ்வளவுதான். இப்ப மைக்க மூடுங்க."

மூடினாள். இரைச்சல் படிப்படியாக இறங்கி அடங்கியது.

"மைக் திறந்திருக்கற வரைக்கும் யாரோ உள்ள உக்காந்து காது குடுத்துக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. கேக்கறதுலயே களைச்சுப் போறாங்க."

கொழுந்தனார் சத்தம் போடாமல் போய் அலமாரிக்குள் கோட்டுகளை விலக்கிப் பார்த்தார்.

"அங்க இல்ல தம்பி. ஏம்மா, இந்தக் கார்டுக்கு இப்ப யார் யார் வேலை குடுக்கறாங்கன்னு கம்ப்யூட்டர்ல ஒரு பட்டியல் இருக்கும். மைக்கத் திறந்து வெச்சுட்டு அதக் காட்டுங்க."

திரையில் பட்டியல் வந்தது. கார்டின் உழைப்பு முழுவதையும் ஒரே ஓர் ஆள் வாங்கிக்கொண்டிருந்தான். பெயர்: 'நிசப்தம்'. பின்னணிச் சத்தத்தைத் தின்றுவிட்டுக் குரலை மட்டும் விட்டுவைக்கிற ஒரு செயலி.

"இத நான் போடவே இல்லியே!" என்றாள் வாசகி.

மூன்று தலைகளும் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பின.

"நீ குளிக்கப் போனப்ப போட்டேன்," என்றார் அவர், தரையைப் பார்த்து. "டிக் டிக்னு கேக்குதுன்னு சொன்னே. எவ்வளவோ தேடினேன், புடிபடல. நான் மாட்டின ஒரு சாமான்ல சத்தம்னா எனக்குச் சோறு எறங்காது. அதான், எந்தச் சத்தத்தையும் அழிக்கும்னு போட்டிருந்தாங்களேன்னு… உன்கிட்ட சொல்லல. கூலர் மாட்டறப்ப நான் உள்ள ஸ்க்ரூவத் தவறவிட்டதுலேருந்து, இனிமே இந்தப் பொட்டியத் தொட்டா கைய ஒடிச்சுடுவேன்னு சொல்லியிருந்தியே."

"அப்புறம்?"

"அப்புறம் நீ வண்டு கத்துதுன்னே. சரி, இது பத்தலன்னு நெனச்சு இன்னும் கூட்டி வெச்சேன்."

"கம்பெனிக்காரங்க பானைன்னாங்களே?"

"அதுக்கு இன்னும் கூட்டினேன்."

"எது வரைக்கும்?"

"அதுக்கு மேல அதுல இல்ல."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் சிரித்து அடக்கியதில் நாற்காலி லேசாகக் குலுங்கியது. "விரற்கடை வால் ஒண்ணு டிக்குன்னுச்சு. அத விழுங்க ஒரு ஆள உள்ள விட்டீங்க. அந்த ஆள் வேலை செய்யற எடம் இந்தக் கார்டு. வேலை ஏற ஏற கார்டு சூடாச்சு, சூடாக ஆக ஃபேன் ஊளையிட்டுச்சு. ஊளைய விழுங்க அவனையே இன்னும் முடுக்கினீங்க. அவனும் பாவம், ஊளையோட சேத்து இவங்க குரல்லயும் பாதிய விழுங்கிட்டான். அதான் பானை."

"நாய் கொரைக்கிறதால தூக்கம் போச்சுன்னு, அத மெரட்ட இன்னொரு நாய் வாங்கின மாதிரி," என்றார் கொழுந்தனார். ஆறு நிமிஷம் அடக்கிவைத்ததில் இதுதான் முதலில் வெளியே வந்தது. மீதி இரண்டும் வரிசையில் நின்றன.

வாசகி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இந்தப் பன்னெண்டு நாளா ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிருந்தீங்க?"

"தூக்கலியே! விசில் அடிக்காத வாய் இப்படித்தான் இருக்கும். எனக்கே இப்பத்தான் தெரியும்."

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு, "கிறுக்கு மனுஷா," என்றாள். லிஃப்ட்காரர் முகம் விளக்குப் போட்டது போல ஆனது.

கொழுந்தனார் நோட்டில் 'நோக்கம்' என்று எழுதியிருந்ததை அடித்தார்.

"கொஞ்சறதுக்கு நேரம் இல்ல," என்றார் அண்ணி. "மணி மூணு இருபது. அந்த நிசப்தத்தத் தூக்கி வெளிய போடுங்க. ஃபேன் ரெண்டையும், கார்டு நல்லா சூடாகற வரைக்கும் குறைஞ்ச வேகத்துலயே சுத்தற மாதிரி வைங்க. இவ்வளவு பெரிய செங்கல் இருக்கு, அது தாங்கும். அப்புறம், பொட்டி நேரா மரத்தரையில உக்காந்திருக்கு. அந்த அதிர்வும் கேக்குது. காலுக்கடியில வைக்க ரப்பர் வேணும்."

வீட்டில் ரப்பர் தேடினார்கள். கிடைக்கவில்லை. மூவருடைய பார்வையும் சாவதானமாகக் கீழே இறங்கி, கொழுந்தனார் வாசலில் கழற்ற மறந்திருந்த செருப்புகளில் வந்து நின்றது.

"அண்ணி, இது போன வாரம் வாங்கினது."

"நல்ல ரப்பர்தானே தம்பி?"

ஒரு செருப்பு நான்கு துண்டானது. மற்றது எதற்காவது ஆகும் என்று கொழுந்தனார் கையில் வைத்துக்கொண்டார்.

*

மூன்று இருபத்தெட்டுக்கு வாசகி அலமாரிக்குள் ஏறினாள். படுக்கையறைக் கதவின் கீல் கிறீச்சிடும் என்பதால் யாரும் வெளியே போக முடியவில்லை. அண்ணி கட்டில் ஓரத்தில். லிஃப்ட்காரர் சுவரோடு சுவராக. கொழுந்தனார் நடு அறையில், ஒற்றைச் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நின்ற நிலையிலேயே.

அவள் படித்தாள். ஆறு வந்தது. படகோட்டிக் குடும்பம் வந்தது. மூன்றாம் பக்கம் புரண்டது. லிஃப்ட்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை. நான்காம் பக்கம். ஐந்து. பெட்டி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. பானை உடைந்து, அதற்குள் பன்னிரண்டு நாளாக அடைந்து கிடந்த குரல் அறை முழுக்க நடந்து வந்தது. பதினோரு வருஷமாக நாலு வார்த்தையில் மடித்துவைத்த குரல் அது. இப்போது பக்கம் பக்கமாகப் பிரிந்துகொண்டே போனது.

கழுதையைப் பற்றி ஏழாம் பக்கம்வரை கொழுந்தனாருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. எட்டில் அது வெள்ளத்தில் இறங்கிப் படகின் கயிற்றைப் பல்லால் பிடித்தது. பத்தில் அது பத்தொன்பது வருஷமாக ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை என்று தெரிந்தது. பதினொன்றில் அது உப்பு மூட்டையை இறக்கிவைக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு மணலில் மெல்லப் படுத்தது.

கொழுந்தனார் ஜன்னலைப் பார்த்தார். விட்டத்தைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். எதைப் பார்த்தும் பயனில்லை.

பன்னிரண்டாம் பக்கம் முடிந்து அவள் மைக்கை மூடியபோது மணி மூன்று ஐம்பத்து மூன்று. அனுப்பியபோது மூன்று ஐம்பத்தாறு. அதற்குப் பிறகு நால்வரும் மேஜைமேல் கிடந்த போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். லிஃப்ட்காரர் வயர் இல்லாத இடத்திலெல்லாம் வயரைத் தேடித் தேடி முடுக்கினார். அவள் ஒரு தம்ளர் தண்ணீரை நான்கு முறை எடுத்து நான்கு முறையும் குடிக்காமல் வைத்தாள்.

நாலு இருபதுக்குப் போன் அடித்தது. அவள் அதை அண்ணி பக்கம் தள்ளினாள். அண்ணி எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். பதிவு மேலாளரின் குரல், வழவழப்பில்லாத குரல்.

"கேட்டோம்மா. நாங்க மூணு பேரும் உக்காந்து கேட்டோம். வண்டு இல்ல. பானை இல்ல."

வாசகி தம்ளரை ஐந்தாம் முறை எடுத்தாள்.

"ஆனா பதினோராம் பக்கத்துல யாரோ மூக்க உறிஞ்சறாங்க."

வாசகி தம்ளரைக் கீழே வைத்தாள். அண்ணி மெதுவாகத் தலையைத் திருப்பினார். லிஃப்ட்காரரும் திருப்பினார். கொழுந்தனார் ஒற்றைச் செருப்பின் அடிப்பாகத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"கழுதை படுக்கற எடத்துல," என்று தொடர்ந்தது குரல். "எடுத்துடலாமான்னு பேசினோம். பேசறதுக்குள்ள எங்க ஆள் ஒருத்தரும் உறிஞ்சிட்டார். அதனால இருக்கட்டும்னு விட்டுட்டோம். ஆனா ஒண்ணு, ரெண்டாம் தொகுதியிலேருந்து அந்த ஆள வெளிய உக்கார வெச்சுடுங்க."

"ரெண்டாம்…" வாசகிக்கு மேலே வரவில்லை. ஊரில் பாதி லிஃப்டுகளுக்கு வழி சொன்ன குரல் நடுவழியில் நின்றுபோனது. லிஃப்ட்காரர் எழுந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மொத்தம் பன்னெண்டும்மா. தொண்டையப் பாத்துக்குங்க. திங்கக்கெழமை ஆரம்பிச்சுடுங்க."

அவர் போனை வைக்கப் போகிறார் என்று தெரிந்ததும் கொழுந்தனார் எட்டிப் பாய்ந்து மேஜைமேல் குனிந்தார்.

"சார், ஒரு நிமிஷம், வெச்சுடாதீங்க! ரெண்டாம் தொகுதியில அந்தக் கழுதைக்குக் குட்டி ஏதாவது இருக்கா?"